பைனாகுலரில் வால் நட்சத்திரம் அகப்படவில்லையா? ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்திருங்கள்

கேள்வி: கிழக்கு வானத்தில் ஒரு வால் நட்சத்திரம், பிரகாச அளவு 6 என்று செய்தியில் படித்தேன். 10×50 பைனாகுலரோடு விடியற்காலை 5:15-க்கு மொட்டை மாடியேறி அரை மணி நேரம் துழாவியும் ஒன்றும் தெரியவில்லை. டெலஸ்கோப் வாங்க வேண்டுமா?

வேண்டாம். ஊர் வெளிச்சம் இல்லாத இடமாகப் பார்த்துப் போனால் 10×50 தாராளமாகப் போதும். நீங்கள் போன நேரம்தான் சரியில்லை.

முதலில் அந்த 6 என்ற எண்ணைப் பார்ப்போம். பிரகாச அளவில் எண் கூடக் கூட ஒளி மங்கல். நட்சத்திரத்துக்கு அதன் ஒளி முழுவதும் ஒரே புள்ளியில் இருக்கும். வால் நட்சத்திரத்துக்கோ, தலைப்பகுதி முழுக்கப் பரவிக் கிடக்கும் ஒளியை மொத்தமாகக் கூட்டிப் போட்ட கணக்கு அது. அதனால் அதே எண்ணுள்ள நட்சத்திரத்தைவிட நன்றாகவே மங்கித் தெரியும். பச்சைத் தலையும் நீண்ட வாலும் கேமரா நிமிடக்கணக்கில் சேர்த்த ஒளி. அதை மனதில் வைத்துத் தேடினால் ஏமாற்றம்தான். கண்ணுக்குக் கிடைப்பது, கண்ணாடியில் ஊதினால் படியும் ஆவியைப் போல ஒரு சாம்பல் திட்டு. வால் தெரிந்தால், சூரியனுக்கு எதிர்ப்பக்கமாக, அதாவது விடியலில் மேல்நோக்கி இருக்கும்.

இப்படிப்பட்ட திட்டுக்கு விடியல் வெளிச்சம் ஆகாது. நம் பகுதியில் சூரிய உதயத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் முன்பே வானம் வெளுக்கத் தொடங்கும். உதயம் 6 மணி என்றால் 4:45. 2024 அக்டோபர் தொடக்கத்தில் சுச்சின்ஷான்-அட்லஸ் என்ற வால் நட்சத்திரம் வெளுத்த வானத்திலும் தெரிந்ததே என்பீர்கள். அது இதைவிடப் பல மடங்கு பிரகாசமானது.

ஆகவே 4 மணிக்கே வெளியே வந்துவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். அதற்குள் போன் திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்துதான். எங்கே தேடுவது என்பதை முந்தின இரவே ஸ்டெல்லேரியம் செயலியில் பார்த்து, அருகிலுள்ள பிரகாசமான நட்சத்திரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நட்சத்திரம் கூரிய புள்ளியாகும்வரை ஃபோகஸ் சக்கரத்தைத் திருகுங்கள். இதில் சிறிது பிசகினாலும் திட்டு காணாமல் போகும். முழங்கைகளைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றி, அங்கிருந்து மெதுவாக நகருங்கள். சந்தேகமான இடத்தை நேராக உற்றுப் பார்க்காமல், பார்வையைச் சற்றுப் பக்கத்தில் நிறுத்துங்கள். மங்கலான ஒளியை விழித்திரையின் ஓரப்பகுதிதான் நன்றாக உணரும். பைனாகுலரை லேசாகத் தட்டினால், அசைவில் அது சட்டென்று புலப்படுவதும் உண்டு.

கிடைத்தது வால் நட்சத்திரம்தானா? நட்சத்திரக் கொத்துகளும் இப்படியே தெரியும். அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வானியலாளர் சார்ல் மெசியே, இப்படி ஏமாற்றும் திட்டுகளின் புகழ்பெற்ற பட்டியலைத் தொகுத்தார். சுற்றியுள்ள நான்கைந்து நட்சத்திரங்களோடு ஒரு காகிதத்தில் வரைந்து வையுங்கள். மறுநாள் அது இடம் மாறியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

தேய்பிறையில் விடியற்காலை நிலவொளி கெடுத்துவிடும். அமாவாசைக்குப் பிந்தைய பத்து நாள் நல்லது. உதயம் நெருங்கும்போது பைனாகுலரைக் கட்டாயம் உறைக்குள் போட்டுவிடுங்கள். அதன் வழியே சூரியன் ஒரு நொடி பட்டாலும் கண்ணுக்கு ஆபத்து.