பட்டாளத்துக்காரர் இறந்த பிறகு குடும்ப பென்சன்: குமரி மாவட்டத்துக் கேள்விகளும் பதில்களும்

ராணுவ அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பட்டாளத்து வீடு இல்லாத ஊரை எங்கள் மாவட்டத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். பட்டாளத்துக்காரர் இறந்த பிறகு பென்சன் காகிதம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்றே தெரியாமல் நிற்கும் அம்மாக்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

தக்கலையிலிருந்து ஒரு மகன்: அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர், போன வாரம் இறந்துவிட்டார். முதலில் எங்கே போக வேண்டும்?

தம்பி, முதலில் இறப்புச் சான்றிதழ். 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்துவிட்டால் தாமதக் கட்டணமும் அலைச்சலும் இல்லை. பதியும்போதே அப்பாவின் பெயர் பி.பி.ஓ.வில் (பென்சன் வழங்கும் உத்தரவில்) இருக்கிறபடி எழுத்துக்கு எழுத்து வரச் சொல்லுங்கள். தப்பாக அச்சான பிறகு திருத்துவது பெரிய பாடு.

அடுத்தது ஸ்பார்ஷ். பாதுகாப்புத் துறை பென்சன் இப்போது அதன் வழியாகத்தான் வருகிறது. ஓய்வூதியர் இறந்த தகவலை அதன் இணையதளத்தில் நீங்களே பதியலாம். முடியாவிட்டால் பொதுச் சேவை மையத்திலோ, ஸ்பார்ஷ் சேவை தரும் பாங்குக் கிளையிலோ செய்யலாம். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் வழி காட்டுவார்கள். இறப்புச் சான்றிதழ், பி.பி.ஓ., டிஸ்சார்ஜ் புக் (பட்டாளத்திலிருந்து விடுவித்தபோது தந்த புத்தகம்), அம்மாவின் ஆதார், பான், பாஸ்புக், போட்டோ எல்லாம் கையில் இருக்கட்டும். குடும்ப பென்சனுக்கு அம்மாவின் பெயர் பி.பி.ஓ.விலேயே இருந்தால் வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசில் காத்திருக்க வேண்டாம், உடனே விண்ணப்பிக்கலாம். இறந்த நாள் வரை அப்பாவின் பென்சன், மறுநாளிலிருந்து அம்மாவின் பென்சன்.

கருங்கல்லிலிருந்து ஒரு மகள்: பட்டாளத்து ரிக்கார்டில் அம்மாவுக்கு வீட்டில் கூப்பிடும் பெயர் இருக்கிறது. ஆதாரில் ஞானஸ்நானப் பெயர். பிறந்த தேதியும் வேறு. பென்சன் கிடைக்காது என்று பயமுறுத்துகிறார்கள்.

கிடைக்கும் தங்கச்சி, பயப்படாதீர்கள். நம் மாவட்டத்தில் பாதிக் கேஸ் இப்படித்தான் வருகிறது. அந்தக் காலத்தில் லீவுக்கு வந்து கல்யாணம் முடித்துவிட்டு, யூனிட்டுக்குத் திரும்பியதும் வாயால் சொன்ன பெயரை அப்படியே பார்ட் டூ ஆர்டர் என்ற யூனிட் பதிவில் ஏற்றிவிட்டார்கள். கோயில் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் இன்னொன்று.

இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று நோட்டரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் பிரமாணப் பத்திரம் எடுங்கள். அதோடு திருமணச் சான்று, ஆதார், டிஸ்சார்ஜ் புக்கில் குடும்ப விவரம் உள்ள பக்கம் எல்லாவற்றையும் நல அலுவலகம் மூலமாக அப்பாவின் பணி ஆவணங்கள் இருக்கும் ரிக்கார்ட் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், எம்.இ.ஜி. (மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்) என்றால் பெங்களூரு. கடற்படைக்கு மும்பை, விமானப்படைக்கு டெல்லி. பெயர் முழுக்கவே வேறாக இருந்தால் அரசிதழில் வெளியிடச் சொல்லி அவர்கள் கேட்கலாம். கேட்டால் செய்துவிடுங்கள், அதை வைத்து வாதாடி மாதங்களை இழக்காதீர்கள்.

ஒன்று மட்டும் செய்யக்கூடாது. பென்சனுக்காக அவசரப்பட்டு ஆதாரில் பெயரை மாற்றாதீர்கள். பாங்கு, பான், பத்திரம் எல்லாம் ஆதாரில் உள்ள பெயரில் இருக்கும். ஒன்றை மாற்றப் போய் நாலு கெட்டுவிடும்.

பிறந்த தேதியையும் விட்டுவிடாதீர்கள். 80 வயது ஆனதும் குடும்ப பென்சனில் 20 சதவீதம் கூடும். 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறு வயதில் 100 சதவீதம். தேதி பதிவாகாததால் தனக்குச் சேர வேண்டிய கூடுதல் பணம் வராமலே இருக்கும் பாட்டிகளை எனக்குத் தெரியும்.

குளச்சலிலிருந்து ஒருவர்: அப்பா இறந்து நாலு மாதம் ஆகிறது. பென்சன் கணக்கில் தொடர்ந்து வருகிறது. ஏ.டி.எம்.மில் எடுத்து வீட்டுச் செலவு பார்க்கிறோம். அம்மாவுக்குத்தானே சேர வேண்டிய பணம்?

இல்லை. அப்பாவின் பென்சன் அவர் இறந்த நாளோடு நின்றது. அதற்குப் பிறகு வந்தது அரசுப் பணம். இன்றைக்கே எடுப்பதை நிறுத்திவிட்டு, பாங்குக்கும் ஸ்பார்ஷுக்கும் தகவல் கொடுங்கள். கூடுதலாக வந்ததை அம்மாவின் நிலுவையிலிருந்து பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள், பெரிய நஷ்டம் வராது. மறைத்துவைத்து வருடக்கணக்கில் எடுத்தால் மொத்தமாகத் திருப்பிக் கட்ட வேண்டும், போலீஸ் கேசும் வரலாம். அந்தக் கேசில் உங்கள் அம்மாவும் சிக்குவார், அதை நினைத்துப் பாருங்கள்.

ஆரல்வாய்மொழியிலிருந்து: அப்பா 64 வயதில் இறந்தார். மூன்று வருடம் ஒழுங்காக வந்த அம்மாவின் பென்சன் திடீரென்று குறைந்துவிட்டது. யாரிடம் புகார் கொடுக்க?

இது தவறு இல்லை. ஓய்வுக்குப் பிறகு இறந்தவரின் மனைவிக்கு முதலில் உயர்ந்த விகிதத்தில் வரும். அது கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம், ஆனால் அவர் வாங்கிய பென்சனைத் தாண்டாது. இது 7 வருடம் வரை அல்லது அவர் இருந்திருந்தால் 67 வயது நிறைகிற நாள் வரை, எது முந்தியோ அதுவரை. 58-ல் இறந்தால் 7 வருடம் முழுக்கக் கிடைக்கும். உங்கள் அப்பா 64-ல் போனதால் மூன்றே வருடம். அப்புறம் சாதாரண விகிதம் 30 சதவீதம். அது மாதம் 9,000 ரூபாய்க்குக் கீழே போகாது, அகவிலைப்படி தனி. முதல் உத்தரவிலேயே இரண்டு தேதியும் இரண்டு தொகையும் இருக்கும். அதை அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் இந்த அதிர்ச்சி வந்திருக்காது.

அப்பா ஊனமுற்றோர் பென்சனும் வாங்கியவரா? எந்த நோயை ராணுவப் பணியால் வந்தது என்று ஒப்புக்கொண்டார்களோ, அதே நோயால் இறந்திருந்தால் சிறப்புக் குடும்ப பென்சன் கேட்கலாம். அது 60 சதவீதம். இறப்புக் காரணம் எழுதிய ஆஸ்பத்திரிக் காகிதம்தான் இதற்கு உயிர், பத்திரப்படுத்துங்கள்.

மார்த்தாண்டம்: அப்பா பட்டாளத்திலிருந்து வந்து மாநில அரசு வேலை பார்த்து, அதிலும் பென்சன் வாங்கினார். அம்மா டீச்சர். எது கிடைக்கும்?

இரண்டு குடும்ப பென்சனும் கிடைக்கும். 24.9.2012 முதல் அதற்கு அனுமதி உண்டு. மனைவி சம்பளம் வாங்குவதும் தடை இல்லை.

குலசேகரத்திலிருந்து ஒரு தாய்: என் மகனுக்கு மூளை வளர்ச்சி இல்லை, வயது 38. எனக்குப் பிறகு அவனுக்கு யார்?

அம்மா, உங்களுக்குப் பிறகு குடும்ப பென்சன் அவனுக்கு ஆயுள் முழுக்க வரும். பொதுவாக மற்ற பிள்ளைகளுக்குள்ள 25 வயது வரம்பு, சம்பாதிக்க முடியாத ஊனமுற்ற பிள்ளைக்குக் கிடையாது. ஆனால் நீங்கள் இருக்கும்போதே அவன் பெயரைப் பி.பி.ஓ.வில் ஏற்றிவிட வேண்டும். ராணுவ ஆஸ்பத்திரியின் மருத்துவக் குழு பார்த்துச் சான்று தர வேண்டியிருக்கும். நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரம் பாங்கோடு ராணுவ ஆஸ்பத்திரிதான். அவன் பேரில் பணத்தை வாங்கிப் பார்த்துக்கொள்ளப் போகிறவரின் பெயரையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். அவனை உண்மையாகவே கவனிக்கிறவர் யார் என்று உங்களுக்குத்தான் தெரியும். மற்ற பிள்ளைகள் சண்டை போடுவார்களே என்று தள்ளிப்போடாதீர்கள். இதை எழுதும்போது மற்ற எல்லாக் கேள்வியையும்விட இதுதான் எனக்கு மனதில் நிற்கிறது.

தூத்தூர்ப் பக்கமிருந்து: சித்தப்பா நேவியில் இருந்து ஓய்வு பெற்று மீன்பிடிக்கப் போய் வந்தார். கடலில் காணாமல் போனார். உடல் கிடைக்கவில்லை. சித்தி என்ன செய்ய?

2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு இந்தக் கேள்வியின் கனம் நம் கரைக்கு நன்றாகவே தெரியும். இறப்புச் சான்றிதழ் வரும்வரை ஏழு வருடம் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. போலீசில் புகார் பதிவு செய்து, தேடியும் கிடைக்கவில்லை என்ற அறிக்கை வாங்குங்கள். பதிவான நாளிலிருந்து ஆறு மாதம் கழிந்ததும் சித்தி குடும்ப பென்சனுக்கு விண்ணப்பிக்கலாம். அவர் திரும்பி வந்தால் பணத்தைத் திருப்பித் தருவதாக ஒரு உறுதிப்பத்திரம் கேட்பார்கள். சித்தியிடம் கையெழுத்துக் கேட்கப் போகிறவர்கள் அவர் மனதை அறிந்து மெதுவாகப் பேசுங்கள். கையெழுத்துப் போட்டால் கணவர் இறந்ததாக ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயந்தே பலர் மறுக்கிறார்கள்.

இரணியலிலிருந்து: தாத்தா சிப்பாயாகக் கொஞ்ச வருடமே இருந்தவர், பென்சனே இல்லை. பாட்டிக்கு ஏதாவது உண்டா?

உண்டு. 65 வயது தாண்டிய, பென்சன் இல்லாத, ஹவில்தார் வரையிலான ராங்க்காரர்களின் விதவைகளுக்கு மத்திய படைவீரர் வாரியத்தின் வறுமை உதவி இருக்கிறது. 2025 நவம்பர் முதல் மாதம் 8,000 ரூபாய். நல அலுவலகம் மூலம் கேளுங்கள், விதவை அடையாள அட்டையையும் வாங்கிவிடுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற நாயக்: சார், நான் உயிரோடுதான் இருக்கிறேன். இப்போதே என்ன செய்து வைக்கலாம்?

எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி இது. ஸ்பார்ஷில் நுழைந்து மனைவியின் பெயர், பிறந்த தேதி, ஆதார் எண் மூன்றையும் பாருங்கள். தவறு இருந்தால் நீங்கள் கேட்டுத் திருத்துவது சுலபம். நீங்கள் போன பிறகு அவர் கேட்டால் நூறு சான்று கேட்பார்கள். ஓய்வுக்குப் பிறகு கல்யாணம் ஆகியிருந்தாலும் மனைவிக்கு உரிமை உண்டு, பதிவு செய்திருக்க வேண்டும்.

ராணுவத்தின் குரூப் இன்சூரன்ஸில் ஓய்வுக்குப் பிறகும் நீளும் காப்பீட்டின் சான்றிதழ் உங்களிடம் இருக்கும். அப்படி ஒன்று இருப்பதே பல வீடுகளுக்குத் தெரியாது, பணம் கேட்கப்படாமலே கிடக்கிறது. பென்சன் கணக்கோடு விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்றும் பாங்கில் கேளுங்கள். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். அட்டை உங்களுக்குப் பிறகு மனைவி பெயருக்கு மாறும், சிகிச்சை நிற்காது.

ஸ்பார்ஷிலிருந்து பேசுகிறோம் என்று ஓ.டி.பி. கேட்டால் கொடுக்கக்கூடாது, புரோக்கருக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லி வையுங்கள். பாங்குக்கு மகனை மட்டும் அனுப்பாமல் அவரையும் கூட்டிப் போங்கள். வரப்போகிற பென்சன் அவருடையது. கணக்கை நடத்தவும் உயிர்வாழ் சான்று கொடுக்கவும் அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். பி.பி.ஓ., டிஸ்சார்ஜ் புக், இன்சூரன்ஸ் சான்றிதழ் மூன்றையும் ஒரே கவரில் போட்டு, அது எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே அவரிடம் காட்டிவிடுங்கள்.