சல்லடையில் சிக்காத தண்ணீர்

கேள்வி: ஃபுகுஷிமா அணு உலைத் தண்ணீரை வடிகட்டிக் கடலில் விடுகிறார்களே, கதிரியக்கத்தை வடிகட்ட முடியுமா என்ன? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: கதிர்வீச்சை வடிகட்ட முடியாது, அதை வீசுகிற அணுக்களைப் பிடிக்கலாம். சீசியம், ஸ்ட்ரான்சியம், அயோடின் எல்லாம் அப்படித்தான் பெருமளவு நீக்கப்படுகின்றன. ட்ரிட்டியம் மட்டும் போக்குக் காட்டும், ஏனென்றால் அது ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவமேதான், தண்ணீர் மூலக்கூறுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, தண்ணீரிலிருந்து தண்ணீரை எப்படிச் சலிப்பது? அதனால்தான் நீர்த்துப்போகச் செய்து 2023 ஆகஸ்டிலிருந்து கடலில் விடுகிறார்கள்.

எனக்குப் பிடித்தது அயோடின் கதை. அதைப் பிடிக்க, கார்பன், நைட்ரஜன் போன்ற லேசான அணுக்களைக் கோத்து, நானோமீட்டர் அளவில் ஓட்டை ஓட்டையாக ஒரு பொடி செய்கிறார்கள். இந்த வகையில், அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்து வலைபோலப் பிணைந்திருக்கும் சகப்பிணைப்புக் கரிமச் சட்டகங்களை வேதியியலாளர் ஒமர் யாகியின் குழு 2005-இல் அறிமுகப்படுத்தியது. நைட்ரஜன் உள்ள சுவர்கள் அயோடினை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், சோதனைக்கூடத்தில் மஞ்சள் பொடி கண்ணெதிரே காப்பித்தூள் நிறத்துக்கு மாறும். சரி, அப்புறம்? அந்தப் பொடியே கதிரியக்கக் குப்பை. கதிரியக்க அயோடின்-129-க்கு அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம், 1 கோடியே 57 லட்சம் ஆண்டுகள், அதற்கு அப்புறமும் மீதிப் பாதி இருக்கும், பத்திரமாகப் பூட்டி வைக்கவேண்டியதுதான்!