வழிகாட்டியுடன் 6,000 மீட்டருக்கு மேலான சிகரம் ஒன்றை முதன்முறையாக ஏறப் போகிறேன். திட்டமிடும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

நாட்களை. பூட்ஸ், ஜாக்கெட், உடற்பயிற்சி எல்லாம் அப்புறம்.

நான் அர்ஜென்டினாவில் இருக்கும் அகொன்காகுவா சிகரத்துக்கு (6,961 மீட்டர்) போய், உச்சியைத் தொடாமல் திரும்பியவன். எங்கள் அட்டவணையில் உச்சிக்கென்று ஒரே ஒரு நாள்தான் இருந்தது, உபரி நாளே கிடையாது. அதைப் பார்த்து லீவு மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். கடைசி முகாம் ஏறக்குறைய 6,000 மீட்டரில். இரவு முழுக்கக் கூடாரத் துணி படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. உறைந்துவிடக் கூடாதே என்று பூட்ஸின் உள்ளுறையையும் தண்ணீர் பாட்டிலையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் கட்டிக்கொண்டு படுத்திருந்தேன். விடியற்காலை 4 மணிக்கு வழிகாட்டி ஜிப்பை விலக்கி எட்டிப் பார்த்தார், கையை மட்டும் ஆட்டினார். காற்று மறுநாள் அடங்கிவிட்டது. நாங்கள் அப்போது இறங்கிக்கொண்டிருந்தோம்.

உடம்புக்கும் நாள் வேண்டும். 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். 3,000 மீட்டரைத் தாண்டியபின் இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கொரு முறை ஓய்வு நாள் வேண்டும் என்பது பொது விதி. பகலில் மேலே ஏறிச் சுமையை வைத்துவிட்டு, கீழே வந்து தூங்குவது அதனால்தான். மாரத்தான் ஓடுபவருக்கும் மலைநோய் (உயரத்துக்கு உடம்பு பழகாததால் வரும் தலைவலி, குமட்டல்) வரும். வேகமாக நடக்க முடிகிறதே என்று ஏறிவிடுவதால் சில சமயம் அவருக்குத்தான் முதலில் வரும்! அசெட்டசோலமைடு மாத்திரை உதவும், மருத்துவரைக் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மாத்திரை போட்டால் நாட்களைக் குறைக்கலாம் என்று ஒரு நிறுவனம் சொன்னால் அங்கே பணம் கட்டாதீர்கள்.

நிறுவனத்திடம் நான் இப்போது கேட்பது இதைத்தான்: ஒருவருக்கு முடியாமல் போனால் அவரை யார் கீழே கூட்டிப் போவார்? ஆறு பேருக்கு ஒரே வழிகாட்டி என்றால், ஒருவர் திரும்பும்போது மற்ற ஐந்து பேரும் திரும்ப வேண்டியதுதான். உச்சி நாளில் எத்தனை மணியானால் எங்கே இருந்தாலும் திரும்புவீர்கள் என்றும் கேளுங்கள். நேரத்தைத் தெளிவாகச் சொல்கிறவரை நம்பலாம். "அன்னைக்குப் பார்த்துக்கலாம்" என்கிறவர் வேண்டாம். ஆக்சிஜன், சாட்டிலைட் போன் இரண்டும் எந்த முகாம் வரை வரும் என்பதையும் கேட்டுவிடுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்திருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே கீழே இறக்க வேண்டும்.

காப்பீட்டுப் பத்திரத்தில் உயர வரம்பு எழுதியிருக்கும், தேடிப் படியுங்கள். கயிறும் கிராம்பானும் (பனியில் வழுக்காமலிருக்க பூட்ஸின் அடியில் மாட்டும் முட்கள்) கட்டி ஏறுவதை விலக்கி வைக்கும் பத்திரங்களும் உண்டு. ஹெலிகாப்டர் மீட்பு அதில் சேர்த்தியா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பூட்ஸை வாடகைக்கு எடுத்தாலும் தவறில்லை. நீங்கள் அங்கே போடப்போகும் தடித்த காலுறையோடு போட்டு, அரை நாள் நடந்து பார்த்துவிட்டு எடுங்கள். இறக்கத்தில் கால்விரல் முன்னால் இடித்தால் ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள்.