கேள்வி-பதில்: கர்னலுக்குப் பொருந்தும் ஹெட்டர் எது?

கேள்வி: டெபியன் 12 லினக்ஸில் வைஃபை டிரைவர் ஒன்றை டிகேஎம்எஸ் வழியாக நிறுவியிருந்தேன். கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மாறும்போது டிரைவரைத் தானாகவே மறுபடி கட்டித்தரும் கருவி அது. கர்னல் அப்டேட்டுக்குப் பிறகு ரீபூட் செய்ததும் வைஃபை வேலை செய்யவில்லை. டிரைவரைக் கட்டத் தேவையான கர்னல் கோப்புகளைக் கொண்ட ஹெட்டர் பேக்கேஜ் ஏற்கெனவே இருக்கிறது. பிறகு ஏன்?

பதில்: உங்களிடம் இருப்பது பழைய கர்னலின் ஹெட்டராக இருக்க வேண்டும். 'லினக்ஸ்-ஹெட்டர்ஸ்-6.1.0-18-ஏஎம்டி64' என எண்ணோடு கேட்டு நிறுவினால், அது அந்த ஒரு கர்னலோடு நின்றுவிடும். 6.1.0-20 வரும்போது, பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஏபிடி அதை இதன் புதிய பதிப்பாகப் பார்ப்பதில்லை. பெயரே வேறு என்பதால் தனி பேக்கேஜாகத்தான் பார்க்கிறது. கர்னலுக்கோ 'லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64' என்ற மெட்டா பேக்கேஜ் (எப்போதும் புதிய பதிப்பைச் சுட்டும் பேக்கேஜ்) இருப்பதால் அது தானாகவே முன்னேறிவிடுகிறது. ஹெட்டர் இல்லாத புதிய கர்னலுக்கு டிகேஎம்எஸ் மாட்யூலை (கர்னலில் ஏற்றப்படும் டிரைவர் கோப்பை) உருவாக்க முடியாது.

முதலில் இணைய வசதி வேண்டும். கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் கூடுதல் தேர்வுகளுக்குள் போய்ப் பழைய கர்னலில் பூட் செய்தால் வைஃபை திரும்பக் கிடைக்கும். பிறகு 'ஏபிடி அப்டேட்', அடுத்து 'ஏபிடி ஃபுல்-அப்கிரேட்', அதன்பின் 'லினக்ஸ்-ஹெட்டர்ஸ்-ஏஎம்டி64' நிறுவுங்கள். பெயரில் எண் இல்லாததைக் கவனியுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்: டெபியன் களஞ்சியம் 6.1.0-21-க்குப் போய்விட்டு உங்கள் கர்னல் 6.1.0-20-லேயே இருந்தால், வந்து சேரும் ஹெட்டர் மறுபடியும் பொருந்தாது. ரீபூட் செய்தபின் 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' கொடுங்கள். ஓடும் கர்னலின் பெயருக்கு நேரே 'இன்ஸ்டால்டு' என்று வர வேண்டும். வராவிட்டால் /வார்/லிப்/டிகேஎம்எஸ் அடைவில் அந்த மாட்யூலின் 'மேக்.லாக்' கோப்பைப் படியுங்கள். காரணம் பெரும்பாலும் அதன் கடைசிச் சில வரிகளில் இருக்கும்.

எண்ணுள்ள ஹெட்டர் தன்னுடன் வேறு பேக்கேஜ்களையும் இழுத்து வரும். 'காமன்' என முடிவது பல கர்னல் வகைகளுக்கும் பொதுவான ஹெட்டர்கள். 'லினக்ஸ்-கேபில்டு-6.1' மாட்யூலைக் கட்டத் தேவையான சிறு கருவிகள். 'ஏஎம்டி64' என முடிவதில்தான் அந்தக் கர்னலுக்கே உரிய கட்டமைப்பும், மாட்யூல்கள் பயன்படுத்தக்கூடிய கர்னல் செயற்கூறுகளின் பட்டியலான 'மாட்யூல்.சிம்வெர்ஸ்' கோப்பும் இருக்கின்றன. ஆகவே ஹெட்டர் கோப்புகளை வேறு கணினியிலிருந்து கையால் நகலெடுத்துப் போடுவது தவறான வழி.

கிளவுட் சர்வரில் இதே சிக்கல் வந்தால், முதலில் ஓடும் கர்னலின் பெயரைக் காட்டும் 'யூநேம் -ஆர்' கொடுத்துப் பாருங்கள். 'கிளவுட்-ஏஎம்டி64' என்று முடிந்தால் 'லினக்ஸ்-ஹெட்டர்ஸ்-கிளவுட்-ஏஎம்டி64' வேண்டும். பலரை மணிக்கணக்கில் அலைக்கழிப்பது இந்த ஒரு சொல்தான்.

கேள்வி: ஹெட்டருக்குப் பதிலாக 'லினக்ஸ்-சோர்ஸ்-6.1' நிறுவினால் போதாதா? முழு மூலநிரலும் அதில் இருக்கிறதே?

பதில்: போதாது. அந்த பேக்கேஜ் /யூஎஸ்ஆர்/எஸ்ஆர்சி அடைவில் ஒரு சுருக்கப்பட்ட கோப்பை வைப்பதோடு சரி. அதை விரித்து 'மேக் மாட்யூல்ஸ்_பிரிப்பேர்' கொடுத்தாலும் 'மாட்யூல்.சிம்வெர்ஸ்' உருவாகாது, அதற்கு முழுக் கர்னலையும் கம்பைல் செய்தாக வேண்டும். பதிப்புப் பெயரும் ஒத்துப்போகாது என்பதால், கட்டிய மாட்யூலை ஓடும் கர்னல் 'வெர்ஷன் மேஜிக்' பிழை சொல்லி ஏற்க மறுக்கும்.

சொந்தக் கர்னல் கட்டுவதுதான் நோக்கம் என்றால் சோர்ஸ் பேக்கேஜ் சரியானது. ரூட் அனுமதி இல்லாமல் உங்கள் ஹோம் அடைவிலேயே விரியுங்கள். /பூட் அடைவிலுள்ள கான்ஃபிக் கோப்பை '.கான்ஃபிக்' என்ற பெயரில் அங்கே நகலெடுத்து, 'சிஸ்டம்_டிரஸ்டட்_கீஸ்' மதிப்பைக் காலியாக்குங்கள். டெபியனின் சான்றிதழ் கோப்பு அந்த மூலநிரலில் இல்லாததால், இதை விட்டுவிட்டால் கம்பைல் நடுவில் நின்றுவிடும். பிழைதிருத்தத்துக்கான டீபக் தகவலையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பல ஜிபி இடம் போகும். 'மேக் பின்டெப்-பிகேஜி' கொடுத்தால் இமேஜ், ஹெட்டர் இரண்டும் பொருந்திய டெப் கோப்புகளாகவே கிடைக்கும்.

கேள்வி: ஃபெடோரா லினக்ஸில் 'கர்னல்-ஹெட்டர்ஸ்' நிறுவியும் மாட்யூல் கம்பைல் ஆகவில்லையே?

பதில்: உங்களுக்கு வேண்டியது 'கர்னல்-டெவல்'. ஃபெடோராவின் 'கர்னல்-ஹெட்டர்ஸ்', டெபியனின் 'லினக்ஸ்-லிப்சி-டெவ்' போன்றது: சாதாரண சி நிரல்களுக்கான /யூஎஸ்ஆர்/இன்க்லூட் கோப்புகள். அது ஓடும் கர்னலின் எண்ணோடு ஒத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. 'கர்னல்-டெவல்' ஒத்தே தீர வேண்டும். 'கர்னல்-டெவல்-மேட்ச்டு' நிறுவினால் கர்னலும் டெவலும் ஒரே எண்ணில் சேர்ந்தே வரும்.