வினாநிரல் அளந்தது வாசிப்பையா?

கேள்வி: கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் முதுகலைப் பொருளியல் மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். ஆய்வுக்கட்டுரைகளை அவர்கள் எந்த அளவுக்கு வாசிக்கிறார்கள் என்று அறிய, 30 கூற்றுகள் கொண்ட மார்சி (MARSI) என்ற வாசிப்பு உத்தி வினாநிரலைக் கொடுத்தேன். பெரும்பாலோர் தமக்குத் தாமே ஐந்துக்கு நான்குக்கு மேல் போட்டுக்கொண்டார்கள். ஆனால் கட்டுரையாசிரியரின் வாதம் என்ன என்று கேட்டால் வகுப்பே மௌனமாகிவிடுகிறது. எங்கே பிழை?
– உதவிப் பேராசிரியர் ஒருவர், திருநெல்வேலி

பதில்: 2002இல் மொக்தாரியும் ரைகார்டும் உருவாக்கிய மார்சி, வாசிக்கும்போது இன்னின்ன உத்திகளைக் கையாளுகிறேன் என்று ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்வதைப் பதிவு செய்யும் கருவி, அதுவும் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு அமைந்தது. முக்கியமானவற்றை அடிக்கோடிடுகிறேன் என்ற கூற்றுக்கு, பக்கம் முழுவதும் மஞ்சள் மை பூசியவரும் மனமறிந்து பொய் சொல்லாமலே ஐந்து போட்டுக்கொள்ளலாம். நீங்கள் அளந்தது அவர்களுடைய நம்பிக்கையை.

திறனை அறிய வேண்டுமானால் வாசிக்க வைத்துத்தான் அறிய வேண்டும். உங்கள் துறையின் சிறிய கட்டுரை ஒன்றை எடுத்து, ஆய்வுச் சுருக்கத்தை நீக்கிவிட்டு, அதை மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள். திருத்தும்போது இரண்டு இடங்களைக் கூர்ந்து பாருங்கள். ஆசிரியர் மறுப்பதற்காக எடுத்துக்காட்டிய பிறர் கருத்தை அவருடைய கருத்தாகவே மாணவர் எழுதிவிடுகிறாரா? ‘தொடர்பு இருக்கலாம்’ என்று ஆசிரியர் தயங்கிச் சொன்னது, மாணவரின் கையில் ‘இதுவே காரணம்’ என்று இறுகிவிடுகிறதா? என் அனுபவத்தில், முதுகலை வாசிப்பு பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான் இடறுகிறது. அருஞ்சொற்பொருள் தெரியாமை அதற்கு அடுத்ததுதான்.

விடையைத் தமிழில் எழுதவும் அனுமதியுங்கள். இல்லாவிட்டால் வாசிப்பை அளப்பதாக எண்ணிக்கொண்டு ஆங்கில நடையைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். ஏறத்தாழ அதே கடினம் உள்ள தமிழ்க் கட்டுரை ஒன்றையும் கொடுத்தால், ஆங்கிலத்தில் மட்டும் தடுமாறுபவரையும் வாதத்தைப் பின்தொடர்வதிலேயே தடுமாறுபவரையும் பிரித்தறியலாம். இருவருக்கும் ஒரே பயிற்சி உதவாது.

வில்சன் டெய்லர் 1953இல் முன்வைத்த க்ளோஸ் சோதனையையும், அதாவது சீரான இடைவெளியில் சொற்களை நீக்கிவிட்டு நிரப்பச் செய்வதையும், சிலர் உங்களுக்குப் பரிந்துரைக்கக்கூடும். நம் பள்ளிக்கூடக் ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’வுக்கு நெருங்கிய உறவு அது. தமிழில் நடத்தினால், மூலத்தில் இருந்த அதே சொல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். ‘படித்தவர்களிடமிருந்தும்’ என்ற ஒரே சொல்லுக்குள் பால், எண், வேற்றுமை, காலம் எல்லாம் அடங்கிவிடுகின்றன. பொருளும் இலக்கணமும் பொருந்தும் விடையை ஏற்கலாம். எனினும் இது பெரும்பாலும் வாக்கியத்துக்குள்ளான பிடிப்பையே காட்டும். கட்டுரையின் வாதம் பிடிபட்டதா என்பதற்கு இதை மட்டும் நம்ப வேண்டாம்.

பெயர் மறைத்த தாள்களைச் சக ஆசிரியர் ஒருவரும் தனியே திருத்தட்டும். மதிப்பெண்கள் விலகும் இடங்களை இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். அக மதிப்பெண்ணோடு இதை இணைத்தால் மறுநாளே நகல் சுருக்கங்கள் வகுப்பில் உலவும், ஆகவே இணைக்காதீர்கள். பழைய வினாநிரலைத் தூக்கி எறியவும் தேவையில்லை. தமக்கு ஐந்து போட்டுக்கொண்டு சுருக்கத்தில் தவறியவர்களைத் தனியே அழைத்து, ஒரு பத்தியை வாசித்தபடியே மனத்தில் ஓடுவதை உரக்கச் சொல்லச் செய்யுங்கள். எந்த வரியில் பிடி நழுவுகிறது என்பது பத்து நிமிடத்தில் உங்கள் காதிலேயே விழும்.