மாரி மழையும் மோடமும்

கேள்வி: மாரி தொடங்கினதிலிருந்து எங்கட கேபிள் இணையம் இழுபடுது, இடைக்கிடை அறுந்தும் போகுது. ரவுட்டரை மாற்றவோ? (வாசகர், கொக்குவில்)

பதில்: அவசரப்பட்டுக் காசைக் கொட்டாதீங்கோ. கணினியின்ர லான் வயரை மோடத்தில் (கேபிள் வந்து சேருற பெட்டி) நேரே செருகி வேகத்தைப் பாருங்கோ. அதிலும் மந்தமென்றால் பிழை வைஃபையில் இல்லை. பிரவுசரில் 192.168.100.1 அடித்தால் பெரும்பாலான கேபிள் மோடங்களில் சிக்னல் பக்கம் வரும். இறங்கு சிக்னல் (உங்களுக்கு வாறது) -7 முதல் +7 டிபிஎம்வி (சிக்னல் பலத்தின் அலகு) வரை இருப்பது நல்லது. எஸ்என்ஆர் (இரைச்சலைவிடச் சிக்னல் எவ்வளவு பலம் என்ற அளவு) 33 டெசிபலுக்கு மேல் வேணும். ஏறு சிக்னல் (மோடம் அனுப்புறது) 50 டிபிஎம்வியைத் தாண்டினால் மோடம் தொண்டை கிழியக் கத்துது, வழியில் எங்கோ இழப்பு. ரிவிக்குப் பிரிக்கிற இருவழி ஸ்பிளிட்டரே 3.5 டெசிபல் அளவில் தின்னும், கழற்றிப் பாருங்கோ. ஆனால் மழையோடு தொடங்கினதால் எனக்கு வெளி இணைப்பில்தான் சந்தேகம். எஃப் கனெக்டருக்குள் (கேபிள் வயர் நுனியில் இருக்கிற திருகு முனை) பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் சுரண்டாமல், வயரை நல்ல இடம்வரை வெட்டிப் புதுசு போடுங்கோ. எண்கள் அப்பவும் மோசமென்றால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து நிறுவனத்துக்குக் காட்டுங்கோ. கம்பத்து வேலை அவையின்ர பொறுப்பு.