சிறிய கழிவறையில் தற்காலிக வாஷ் பேசின்

கேள்வி: கோத்தகிரியில் வாடகை வீட்டில் வசிக்கிறோம். மூன்றடி அகலமுள்ள கழிவறையில் வெஸ்டர்ன் டாய்லெட்டும், தரை மூலையில் நீர் வடியும் வழியும் மட்டுமே உள்ளன. கை கழுவ என் மாமியார் சமையலறைவரை நடக்க வேண்டியிருக்கிறது. டைல்ஸை உடைக்காமல், காலி செய்யும்போது கழற்றிக்கொள்ளும்படியாக, குளிர்ந்த நீர் மட்டும் வரும் சிறிய வாஷ் பேசின் வைக்க முடியுமா? சுவரில் துளையிட்டுக் கழிவுநீரைப் பின்புறச் சரிவில் விட்டுவிடலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: தாராளமாக வைக்கலாம். ஆனால், சரிவில் விடும் யோசனையைக் கைவிட்டுவிடுங்கள். நாள்தோறும் ஒரே இடத்தில் விழும் நீர், அளவில் சிறிதாயினும், தடுப்புச் சுவரின் அடிமண்ணை ஊறவைத்துக்கொண்டே இருக்கும். அதன்மேல் வடகிழக்குப் பருவமழையும் சேரும்போது மண் பிடிப்பை இழந்துவிடும். 2009 நவம்பரில் நீலகிரி கண்ட மண்சரிவுகளுக்குப் பிறகு, மலையில் வீட்டு நீரை மண்ணில் விடுவதை யாருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை.

அந்த நீர் போக வேண்டிய இடம், தரை மூலையில் உள்ள நானி ட்ராப்தான் (உள்ளே சிறிது நீர் தேங்கி நிற்கும் தரை வடிகால்). முதலில் ஒரு வாளி நீரை அதில் வேகமாக ஊற்றிப் பாருங்கள். தேங்கினால், சுத்தம் செய்த பிறகே மற்ற வேலை. ட்ராப்புக்குள் எப்போதும் நிற்கும் நீரே செப்டிக் டேங்கின் நாற்றத்தைத் தடுப்பதால், பேசினின் 32 மி.மீ. வேஸ்ட் பைப்பை மூடியிலுள்ள துளை வழியாக, அந்த நீர்மட்டத்துக்கு மேலே முடியும்படி விட்டால், பேசினுக்கு அடியில் நாற்றத்தைத் தடுக்கத் தனியாக பாட்டில் ட்ராப் தேவைப்படாது. பைப் குட்டையாகவும் சரிவாகவும் இருக்கட்டும். தொய்ந்து வளைந்தால் சோப்பும் முடியும் அங்கே தங்கிவிடும். வெளியூர் சென்று பல நாள் கழித்துத் திரும்பினால் ட்ராப் வறண்டிருக்கக்கூடும். ஒரு குவளை நீர் ஊற்றினால் போதும். டாய்லெட்டின் கழிவுக் குழாயில் நேரடியாக இணைப்பு எடுப்பது தற்காலிக வேலையே அல்ல, அதில் இறங்காதீர்கள்.

நீர் கொண்டுவருவது எளிது. மேல்தொட்டியின் வால்வை அடைத்துவிட்டு, ஃப்ளஷ் டேங்குக்கு நீர் தரும் அரை அங்குல ஆங்கிள் காக்கைக் கழற்றி, இரண்டு வழிகளையும் தனித்தனியே அடைக்கக்கூடிய டூ-வே ஆங்கிள் காக்கை, மரையில் டெஃப்லான் டேப் சுற்றிப் பொருத்துங்கள். ஒரு வழி பழையபடி டேங்குக்கு. மற்றதிலிருந்து கனெக்‌ஷன் பைப் மூலம் பேசின் குழாய்க்கு. கனெக்‌ஷன் பைப்பின் நட்டில் ரப்பர் வாஷர் இருப்பதால் அங்கே டேப் வேண்டாம். கையால் முடுக்கி, ஸ்பேனரால் சற்றே திருப்பினால் போதும், மிகையாக முடுக்கினால் வாஷர் நசுங்கிவிடும். பழைய காக்கைப் பத்திரமாக வைத்திருங்கள். காலி செய்யும் நாளில் அதுவே திரும்பப் பொருத்தப்பட வேண்டும்.

மூன்றடி அகலத்துக்கு 12 முதல் 14 அங்குல மூலை பேசினே பொருந்தும். விளிம்பு தரையிலிருந்து ஏறத்தாழ 32 அங்குலத்தில், கதவும் முழங்காலும் இடிக்காத மூலையில் இருக்கட்டும். இரும்பு ஸ்டாண்டில் வைத்து, சாயாமலிருக்க டைல்ஸின் இணைப்புக் கோட்டில் மட்டும் இரு சிறு துளைகளிட்டுத் திருகாணியால் பிடிக்கலாம்; பின்னர் வெள்ளை சிமென்ட் பூசினால் துளை தெரியாது. எனினும், எழும்போது உங்கள் மாமியார் பேசினைப் பற்றிக்கொள்ளக் கூடாது. ஸ்டாண்டு அந்தப் பாரத்தைத் தாங்காது. அவருக்குத் தனியாக ஒரு கைப்பிடிக் கம்பி, கெட்டியான சுவரில் ஆங்கர் போல்ட் போட்டுப் பொருத்தப்பட வேண்டும். அதற்கு மட்டும் வீட்டு உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள்.